உஷார்! தோள் இறுகினால் குளிரைக் குறை சொல்லாதீர்கள், சர்க்கரையைப் பாருங்கள்

தலை வாரக் கையைத் தூக்கினால் தோள் பிடித்து இழுக்கிறதா? ஸ்வெட்டருக்குள் கையை நுழைப்பதற்குள் கண்ணில் நீர் முட்டுகிறதா? ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்துவிடுகிறீர்களா? "குளிருக்கு வாயு பிடிச்சிருக்கு, தைலம் தேச்சா போயிரும்" என்று நாளைத் தள்ளிக்கொண்டிருந்தால் தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள். வலி இரண்டு மூன்று வாரமாகியும் விடவில்லை, கை போகும் தூரமும் குறைந்துகொண்டே வருகிறது என்றால் அது ஃப்ரோசன் ஷோல்டராக இருக்க வாய்ப்பு உண்டு. அதைவிடப் பெரிய கவலை வேறு. அந்தத் தோளுக்குப் பின்னால், நீங்கள் இதுவரை சோதித்தே பார்க்காத சர்க்கரை நோய் இருக்கலாம்.

நீலகிரியில் இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் உரக்கவே சொல்ல வேண்டியிருக்கிறது. காரணம், நம் மலையில் எந்த மூட்டு வலித்தாலும் பழி போடக் குளிர் தயாராக இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூன் பிறந்தால் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசியில் மறுபடியும் மழை, மார்கழியில் தலைகுந்தா புல்வெளியில் உறைபனி. எந்த மாதம் தோள் வலித்தாலும் ஒரு காரணம் கையிலேயே கிடைத்துவிடுகிறது. ஆனால் வெயில் கொளுத்தும் வேலூரிலும் மதுரையிலும் இதே நோய் இதே மாதிரிதான் வருகிறது. குளிரில் தசை இறுகும், வலி இன்னும் கொஞ்சம் உறைக்கும், சால்வைக்குள் கையை மடக்கிக்கொண்டு அசைக்காமல் உட்கார்ந்திருப்போம். குளிரின் பங்கு அவ்வளவுதான். அதைக் குற்றவாளியாக்கி உட்கார்ந்திருக்கும் மாதங்களில்தான் தோள் முழுவதும் பூட்டிக்கொள்கிறது.

உள்ளே நடப்பது இது. தோள் மூட்டைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. உடம்பிலேயே அதிகம் சுழலும் மூட்டு என்பதால், கை எல்லாப் பக்கமும் போய்வர அந்த உறை தொளதொளவென்று இருந்தாக வேண்டும். இந்த நோயில் முதலில் உறை அழற்சியால் வீங்குகிறது, பிறகு தடிக்கிறது, கடைசியில் வெந்நீரில் துவைத்த கம்பளி ஸ்வெட்டர் மாதிரி சுருங்கிவிடுகிறது. நல்ல தோள் மூட்டுக்குள் 20 மில்லி அளவுக்குத் திரவம் ஏற்றலாம். இறுகிய மூட்டு 10 மில்லியைக்கூடத் தாங்குவதில்லை. எலும்பில் எந்தக் கோளாறும் இருக்காது. எக்ஸ்ரேயில் "எல்லாம் நார்மல்" என்று வரும். அதை நம்பி வீட்டிலும், வேலை இடத்திலும் "சும்மா சொல்றா" என்று பேசத் தொடங்கிவிடுவார்கள். பேசாதீர்கள். ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும் நிஜமான வலி இது.

மருத்துவர்களுக்கு இது புதிதும் இல்லை. பிரான்சின் டுப்ளே 1872-லேயே இதை விவரித்திருக்கிறார். ஃப்ரோசன் ஷோல்டர் என்று இன்று நாம் சொல்லும் பெயரை 1934-ல் வைத்தவர் பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் கோட்மேன். சிக்கல் உறையில்தான் என்று 1945-ல் நெவியாசர் காட்டினார். இத்தனை காலம் ஆகியும் நம் ஊரில் இது வாயுப் பிடிப்பாகவே இருக்கிறது.

கோத்தகிரிப் பக்கம் கொழுந்து எடை போடும் இடத்தில் ஒரு அக்காவைக் கவனித்தேன். மற்றவர்கள் பறித்த கொழுந்தைத் தோளுக்கு மேலாக முதுகுப் பைக்குள் பார்க்காமலே வீசுகிறார்கள். இவர் ஒவ்வொரு பிடிக்கும் பையை இடுப்புப் பக்கம் இழுத்து, குனிந்து, இடது கையால் உள்ளே போட்டார். இடுப்பில் கட்டிய படங்கின் முடிச்சைப் பின்னால் அவிழ்க்க முடியாமல், பக்கத்தில் நின்ற பெண்ணிடம் முதுகைத் திருப்பிக் காட்டினார். "என்னக்கா கைக்கு?" என்றேன். "வாயுதான் தம்பி. தீபாவளிக்கு முந்தியே பிடிச்சது, பனி போனா விட்டுரும்." சுகர் பார்த்தீர்களா என்று கேட்டதற்குச் சிரித்தார். "எனக்கெதுக்கு சுகர்? நாளெல்லாம் ஏத்தம் ஏறி எறங்கறவ."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைப் பயமுறுத்தியது. மேட்டிலும் பள்ளத்திலும் உழைக்கிறவர்களுக்குச் சர்க்கரை வராது என்ற நம்பிக்கை மலையெங்கும் இருக்கிறது. வரும். 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் - இண்டியாப் ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர். எல்லையில் நிற்பவர்கள் இன்னும் 13.6 கோடி. பொதுவாக நூறு பேரில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு வரும் தோள் இறுக்கம், சர்க்கரை உள்ள நூறு பேரில் பத்து முதல் இருபது பேருக்கு வருகிறது. ரத்தத்தில் தேங்கும் சர்க்கரை, உறையின் நார்ப்பொருளோடு ஒட்டி அதை விறைக்கச் செய்கிறது. சர்க்கரைக்காரர்களுக்கு வந்தால் இறுக்கமும் கடுமை, விலக ஆகும் காலமும் அதிகம். தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் இது கூடுதலாக வருகிறது. நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள்தான் பெரும்பாலும் தாக்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களில் பலர் இந்த வயதுக்காரர்கள்தான் என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஆகவே தோள் இறுகியவர்கள் முதலில் செய்ய வேண்டியது ரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றுச் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி-யும். ஹெச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய், 5.7-லிருந்து 6.4 வரை எல்லைக்கோடு. கூடவே தைராய்டுக்கு டிஎஸ்ஹெச். சர்க்கரை ஏற்கெனவே இருப்பவர்கள் தோளுக்கு வைத்தியம் பார்க்கும்போதே அதையும் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

வீட்டிலேயே பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. நேராக நில்லுங்கள். இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டி மடக்கி, முன்கையை நேராக முன்னால் நீட்டுங்கள். முழங்கை விலாவை விட்டு விலகாமல் இரண்டு முன்கையையும் வெளிப்பக்கம் விரியுங்கள். நல்ல கை தாராளமாக விரியும். இறுகிய கை பாதியிலேயே நிற்கும். இப்போது வீட்டில் ஒருவரை அந்தக் கையை மெதுவாக வெளியே தள்ளச் சொல்லுங்கள். அவர் தள்ளியும் போகவில்லை, சுவரில் முட்டியதுபோல் நின்றுவிட்டது என்றால் தோள் இறுகியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். நீங்களாகத் தூக்க முடியவில்லை, ஆனால் அடுத்தவர் தூக்கினால் கை முழுக்கப் போகிறது என்றால் கதை வேறு, தசைநார் கிழிந்திருக்கலாம். மழையில் தோட்டப் பாதை வழுக்கி, கையை ஊன்றி விழுந்தவர்கள் இதை முக்கியமாகப் பார்க்க வேண்டும். கிழிந்த நாரை மாதக்கணக்கில் விட்டால் தைப்பதும் கடினமாகிவிடும்.

இந்தச் சோதனையை வைத்து நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். தோளில் வலி காட்டும் நோய்கள் பல உண்டு, அவற்றில் சில உயிரை எடுப்பவை. இடது தோளும் கையும் திடீரென்று வலித்து, நெஞ்சில் இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். சர்க்கரைக்காரர்களுக்கு நெஞ்சுவலி தெரியாமலே தோளிலோ தாடையிலோ மட்டும் காட்டலாம். தைலத்தைத் தேடாமல் 108-க்குப் போன் போடுங்கள். மலைப் பாதையில் ஆம்புலன்ஸ் வந்துசேரவே நேரம் பிடிக்கும், அதில் பத்து நிமிஷம்கூட வீணாகக் கூடாது. காய்ச்சலோடு தோள் வீங்கிச் சிவந்து சுட்டால் மூட்டுக்குள் சீழ் கோத்திருக்கலாம், அதுவும் அன்றைக்கே பார்க்க வேண்டியது. வலிப்பு வந்த பிறகோ கரண்ட் ஷாக் அடித்த பிறகோ தோள் அசையவில்லை என்றால் மூட்டு பின்பக்கம் நழுவியிருக்கலாம். சாதாரண எக்ஸ்ரேயில் சில சமயம் அது தப்பிவிடும், ஆகவே ஷாக் அடித்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர் எடை குறைந்து, தோள்வலியும் ஓயாமல் இருந்தால் நுரையீரலின் மேல்நுனியைப் பார்க்க வேண்டும். கழுத்திலிருந்து விரல் வரை மரத்துப்போனால் கழுத்து நரம்பு அழுந்தியிருக்கலாம்.

அடுத்து, செய்யக்கூடாதவை. இங்கேதான் மலையில் அதிகம் பேர் சீரழிகிறார்கள்.

சுளுக்கு எடுப்பவரிடம் போய்த் தோளை இழுத்து விடச் சொல்லாதீர்கள். "ஒரே இழு, சடக்குன்னு விட்டுரும்" என்பார்கள். அந்தச் 'சடக்' சத்தம் எலும்பு முறிந்ததாகவும் இருக்கலாம். மாதவிடாய் நின்ற பெண்கள் பலருக்கு எலும்பு பலவீனமாகியிருக்கும்; இறுகிய தோளை முரட்டுத்தனமாக முறுக்கினால் மேற்கை எலும்பு ஒடியலாம். இதேபோல் கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டு மாதக்கணக்கில் ஓய்வு கொடுப்பதும் கூடாது. அசையாத தோள் மேலும் இறுகும். கீழே விழுந்து கட்டுப் போட்டவர்கள், மார்பில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் ஆகியோருக்கு இந்த நோய் வருவது பெரும்பாலும் கையை அசைக்காமல் கிடப்பதால்தான். எப்போது அசைக்கத் தொடங்கலாம் என்று கட்டுப் போட்ட டாக்டரிடம் அன்றைக்கே கேட்டுக்கொள்ளுங்கள்.

தைலத்துக்கு வருகிறேன். நீலகிரித் தைலமும் விண்டர்கிரீன் ஆயிலும் இல்லாத வீடு ஊட்டியில் இருக்காது. தேய்த்தால் சூடாகி வலி கொஞ்ச நேரம் மறக்கும், உண்மைதான். தோலுக்கு மேலே கிடைக்கும் அந்தச் சுகம் மூட்டு உறை வரை போவதில்லை. விண்டர்கிரீன் ஆயிலில் கிட்டத்தட்ட முழுவதும் இருப்பது மெத்தில் சாலிசிலேட். ஒரு டீஸ்பூனில், அதாவது 5 மில்லியில், இருபது ஆஸ்பிரின் மாத்திரைக்கும் மேற்பட்ட சரக்கு இருக்கிறது. மிட்டாய் வாசனை அடிக்கும் அந்தப் புட்டியை ஒரு குழந்தை எடுத்துக் குடித்தால் உயிருக்கே ஆபத்து. நீலகிரித் தைலத்தை விழுங்கிய குழந்தைக்கு வலிப்பு வரலாம். இரண்டையும் எட்டாத உயரத்தில் வையுங்கள். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் விண்டர்கிரீனைத் தோளில் தினமும் தேய்த்தாலும் ரத்தக்கசிவு வரலாம். தேய்த்த இடத்தின் மேல் வெந்நீர்ப் பையை வைத்து யாரும் அழுத்தாதீர்கள், தோல் வெந்துவிடும். சர்க்கரையால் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சுடுவதே தெரியாது. மறுநாள் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரியும்.

இன்னொன்று, தோளுக்குச் சூடு காட்டுகிறேன் என்று கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

வேலைக்குப் போக வேண்டுமே என்று வாரா வாரம் வலி ஊசி போட்டுக்கொள்வதும், மருந்துக்கடையில் கேட்டு வாங்கி வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவதும் சிறுநீரகத்தை அரிக்கும். சர்க்கரையும் பிரஷரும் இருந்தால் இன்னும் வேகமாக அரிக்கும். லேபிள் இல்லாத மூட்டுவலிப் பொடியோ லேகியமோ ஓரிரு நாளில் அற்புதமாகக் கேட்டால் சந்தேகப்படுங்கள். ஸ்டீராய்டு கலந்திருக்கலாம், சர்க்கரையை எங்கேயோ கொண்டுபோய்விடும்.

சரி, என்னதான் செய்வது? இந்த நோய்க்குப் பருவங்கள் உண்டு. முதல் பருவத்தில் வலி முன்னால் நிற்கும், இரண்டிலிருந்து ஒன்பது மாதம் வரை. அடுத்து வலி தணிந்து இறுக்கம் ஆளும், நாலு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை. பிறகு மெல்ல விலகத் தொடங்கும். அதற்கு ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருஷம் ஆகலாம். "தானா சரியாயிரும்" என்பவர்கள் முழுப் பொய் சொல்லவில்லை. பெரும்பாலானவர்களுக்குக் கை திரும்பி வருகிறது. ஆனால் சிலருக்குக் கொஞ்சம் இறுக்கம் கடைசி வரை தங்கிவிடுகிறது. கூலிக்கு உழைக்கிறவர் இரண்டு வருஷம் எப்படிக் காத்திருப்பார்? முதல் பருவத்திலேயே போனால் வலியின் காலத்தையாவது குறைக்கலாம்.

வலி கடுமையாக இருக்கும் அந்தத் தொடக்க மாதங்களில் மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி நன்றாக வேலை செய்கிறது. பேரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அளவாக, தெரிந்த மருத்துவர் போட்டால் சில வாரங்களுக்காவது வலி அடங்கும், அந்த இடைவெளியில் பயிற்சியைத் தொடங்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பிறகு சில நாட்கள் சர்க்கரை ஏறும். அந்த நாட்களில் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும், ஊசி போடும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். உப்பு நீரைச் செலுத்தி உறையை விரிக்கும் முறையும் உண்டு. ஆபரேஷன் கடைசிக் கட்டம்தான். பிரிட்டனில் 503 பேரை வைத்து நடந்து, 2020-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், மயக்கம் கொடுத்துத் தோளை நெகிழ்த்துவது, துளை வழி அறுவை, ஊசியோடு கூடிய முறையான பிசியோதெரபி ஆகிய மூன்றையும் ஒப்பிட்டார்கள். ஒரு வருஷ முடிவில் எதுவும் மற்றதைவிடத் தெளிவாக உயர்ந்து நிற்கவில்லை. முதல் தடவை போனதுமே ஆபரேஷன் என்று யாராவது அவசரப்படுத்தினால் இதை நினைவில் வைத்து இன்னொருவரிடம் கேளுங்கள்.

பயிற்சியில் முரட்டுத்தனம் கூடாது என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. நெதர்லாந்தில் 77 பேரை இரண்டு வருஷம் கவனித்து 2004-ல் வெளியிட்டார்கள். வலி தாங்கும் எல்லைக்குள் மெதுவாக அசைத்தவர்கள், வலியை மீறி இழுத்து நீட்டியவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு செய்யாதீர்கள். பயிற்சி முடிந்து வலி கொஞ்ச நேரத்தில் அடங்கினால் சரி. ராத்திரி வரை நீடித்தால் அளவைக் குறைக்க வேண்டும்.

காலையில் குளித்த கையோடு, தோள் சூடாக இருக்கும்போதே தொடங்குங்கள். நல்ல கையை மேஜையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கிற கையைத் தளரத் தொங்கவிட்டு, முன்னும் பின்னுமாக, பிறகு சின்ன வட்டமாக ஒரு நிமிஷம் ஆட்டலாம். பிறகு சுவர் முன்னால் நின்று விரல்களால் மெல்ல மேலே ஏறலாம். நேற்று எட்டிய இடத்தில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு வைத்தால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். ஒரு குச்சியை இரண்டு கையாலும் பிடித்து, முழங்கை விலாவில் ஒட்டியபடி, நல்ல கையால் வலிக்கிற கையை மெதுவாக வெளிப்பக்கம் தள்ளலாம். முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து மேல் கையால் இழுக்கும் பயிற்சி வலி தணிந்த பிறகுதான். எல்லாவற்றையும் ஒரு தடவையாவது பிசியோதெரபிஸ்ட் முன்னால் செய்து காட்டிவிட்டு வீட்டில் தொடருங்கள். ஒரே மூச்சில் அரை மணி நேரம் செய்வதைவிட, ஐந்து நிமிஷமாக நாளுக்கு நாலு தடவை நல்லது.

மலை வாழ்க்கைக்கு என்று சில சின்ன விஷயங்கள் இருக்கின்றன. தலைவழி மாட்டும் ஸ்வெட்டரை இப்போதைக்கு எடுத்து வைத்துவிட்டு முன்னால் பட்டன் வைத்ததைப் போடுங்கள். போடும்போது வலிக்கிற கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். பஸ்ஸில் நின்றபடி மேல் கம்பியை அந்தக் கையால் பிடிக்காதீர்கள். குன்னூர் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் வண்டி சட்டென்று திரும்பினால் தோளில் விழும் இழுப்பு உயிர் போவதுபோல் வலிக்கும். படுக்கும்போது மல்லாந்து படுத்து, முழங்கைக்கும் மேற்கைக்கும் அடியில் ஒரு தலையணையோ மடித்த கம்பளியோ கொடுங்கள். கொழுந்து பறிப்பவர்கள் கொஞ்ச நாளைக்காவது தோளுக்கு மேல் வீசாத வேலையைக் கேட்டுப் பாருங்கள். காரட், உருளைத் தோட்டத்தில் முதுகில் மருந்து டேங்க் சுமப்பவர்கள் பம்ப் அடிக்கும் கையை மாற்றுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பார்க்க இடம் இல்லாமலும் இல்லை. ஊட்டியில் 700 படுக்கையோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. குன்னூரில் அரசு லாலி ஆஸ்பத்திரி இருக்கிறது. ரத்தச் சர்க்கரையைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காசில்லாமல் பார்ப்பார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு பிசியோதெரபியும் வீடு தேடி வருவதற்கு வழி இருக்கிறது. வருகிற ஊழியர் கேட்கட்டும் என்று காத்திருக்காமல், கை தூக்க முடியவில்லை என்பதை நீங்களே சொல்லுங்கள். எந்த மாதத்தில் தொடங்கியது, கீழே விழுந்தீர்களா, ராத்திரி வலி உண்டா, என்னென்ன மாத்திரை விழுங்கினீர்கள், யாராவது இழுத்து விட்டார்களா, எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒரு தோள் சரியான பிறகு சிலருக்கு அடுத்த சில வருஷங்களில் மறு தோளிலும் வருகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் அதிகம். சரியான தோளிலேயே திரும்ப வருவது அபூர்வம். ஏற்கெனவே ஒரு தடவை அவதிப்பட்டவர்கள் அந்த முழங்கைச் சோதனையை மாதம் ஒரு முறை இரண்டு கைக்கும் செய்து பாருங்கள். மறு கை விரிவது குறைந்தால், பனிக்காலம் முடியட்டும் என்று இருக்காமல் அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஹெச்பிஏ1சி-யையும் அன்றைக்கே மறுபடி எடுத்துவிடுங்கள்.